தலைக்கு நேர் மேலே நிற்கும் துணைக்கோளம்: மூன்று மீட்டர் டிஷ்ஷில் அளவு காட்டுகிறது, தரம் காட்டவில்லை

பின்திடல்

அனைவருக்கும் வணக்கம். நான் வேலை செய்யும் கல்வி நிலையத்தின் பின்புறத் திடலில், பழைய கட்டடத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மூன்று மீட்டர் டிஷ் ஒன்றை மறுபடி நிறுத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஆறு இதழ்களாகப் பிரியும் கெட்டி அலுமினியத் தகட்டு டிஷ் அது. உரிமம் நிலையத்தின் பெயரில் இருக்கிறது. மின்னணுவியல் மாணவர்கள் கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி தோண்டி, 114 மில்லிமீட்டர் குழாயை நிறுத்திக் கான்கிரீட் போட்டு, இரண்டு வாரம் ஆறவிட்ட பிறகுதான் டிஷ்ஷை ஏற்றினோம். முதல் இலக்கு 105.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் ஆசியாசாட் 7 துணைக்கோளம். சிங்கப்பூரிலிருந்து கணக்குப் போட்டால் ஏற்றக்கோணம் (தரைமட்டத்திலிருந்து அளக்கும் உயரம்) 87.5 பாகை, திசைக்கோணம் (வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளப்பது) 129 பாகை என்று வருகிறது. இரண்டையும் வைத்துவிட்டேன். மீட்டரில் அளவு, அதாவது வந்து சேரும் சக்தி, 62 விழுக்காடு காட்டுகிறது. தரம், அதாவது சைகையின் தெளிவு, மட்டும் நான்கு நாள்களாகச் சுழியத்தை விட்டு அசையவில்லை. எல்என்பியை (டிஷ் குவிக்கும் அலையைப் பெருக்கிக் கேபிளில் அனுப்பும் கருவி) மாற்றிப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், முனைகளைப் புதிதாக அழுத்தினேன், எதற்கும் பலனில்லை. எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈசூன் வாசகர்

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். என் பெற்றோரின் தரைவீட்டில் பின்கட்டு காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே இப்படி ஒன்றை நிறுத்தி, தமிழ்நாட்டு ஒளிவழிகளை அவர்களுக்குப் பிடித்துக் கொடுக்க முடியுமா?

கிராஞ்சி

தொழில்நுட்பம் இடம் கொடுக்கும், சட்டம் இடம் கொடுக்காது. சிங்கப்பூரில் துணைக்கோளத் தொலைக்காட்சியை நேரடியாகப் பெறும் கருவிக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். அது தேவையைக் காட்டக்கூடிய நிறுவனங்களுக்கும் தூதரகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் கொடுக்கப்படுவது. சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. சொந்த நிலத்தில் உள்ள வீடு என்பதால் விதி மாறுவதில்லை. பெற்றோருக்குக் கட்டணத் தொலைக்காட்சியில் தமிழ் ஒளிவழிகள் கிடைக்கின்றன, அதையே எடுத்துக்கொடுங்கள். பின்திடல் நண்பரும் தம் உரிமத்தில் குறித்திருக்கும் இடம் பழைய கட்டடமா புதிய திடலா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய கேபிள்காரர்

தம்பி பின்திடல், உங்கள் கேள்வியைப் படித்ததும் முப்பது ஆண்டு பின்னால் போய்விட்டேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பக்கம் கேபிள் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அப்போது எங்கள் மொட்டைமாடியில் நின்ற பன்னிரண்டு அடி டிஷ் பார்த்ததும் இதே 105.5 பாகையைத்தான். அங்கே அன்று நின்றது 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஆசியாசாட் 1. ஆனால் புதுக்கோட்டையிலிருந்து அந்த இடம் கிழக்கே சற்றுத் தெற்காக, ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் இருக்கும். டிஷ் சாய்ந்து நிற்கும், மழைநீர் தானாக வழிந்துவிடும், எல்என்பியை ஏணி வைத்துத் தொடலாம். இங்கே வந்து அதே இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டிஷ்ஷைக் கிட்டத்தட்ட மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு 1.35 பாகைதான் வடக்கே இருக்கிறோம். துணைக்கோளங்கள் வரிசையாக நிற்கும் வளைவு கிழக்கிலிருந்து மேற்காக நம் உச்சந்தலை வழியாகவே போகிறது. அதன் மிக உயர்ந்த இடம் 88.4 பாகை. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே இருப்பதில் கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

மீட்டரை இரண்டு நாள் ஓரமாக வைத்துவிடுங்கள். முதலில் டிஷ் டிஷ்ஷாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றி மாட்டிய இதழ் டிஷ்ஷில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான் இருக்கும். தூண்டில் நரம்பு இரண்டு துண்டு எடுத்து, விளிம்பில் எதிரெதிர்ப் புள்ளிகளில் இழுத்துக் கட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நடுவில் குறுக்கிடும்படி செய்யுங்கள். விளிம்பு ஒரே தளத்தில் இருந்தால் இரண்டு நரம்பும் நடுவில் தொட்டும் தொடாமலும் இருக்கும். இடைவெளி தெரிந்தால் விளிம்பு வளைந்திருக்கிறது. ஒன்றையொன்று அழுத்தினாலும் அதே கோளாறுதான், ஆகவே மேலே இருக்கும் நரம்பைக் கீழே மாற்றி மறுபடி பாருங்கள். நான்கு கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். பரப்பில் அதன் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஐந்து மில்லிமீட்டர் பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் காலத்துக் கணக்கு. அதற்கு மேல் போனால் டிஷ் பிடிக்கிற அலை ஓரிடத்தில் சேராமல் சிதறிவிடும்.

அடுத்து, நரம்பு கட்டியிருக்கும்போதே நடுவில் ஆழத்தை அளந்துவிடுங்கள். விட்டத்தின் வர்க்கத்தைப் பதினாறு மடங்கு ஆழத்தால் வகுத்தால் குவியத்தூரம் வரும். உங்கள் டிஷ் 300 சென்டிமீட்டர், ஆழம் 48 என்று வைத்துக்கொண்டால் 90,000ஐ 768ஆல் வகுக்க 117 சென்டிமீட்டர். டிஷ்ஷின் அடிமையத்திலிருந்து ஃபீட்ஹார்ன் (குவிந்த அலையை வாங்கி எல்என்பிக்குக் கொடுக்கும் குழல்) வாய்க்கு உள்ள தூரம் அதுவாக இருக்க வேண்டும். வாய் சரியாக மையத்தைப் பார்க்கிறதா என்பதற்கு, விளிம்பில் நான்கு இடத்திலிருந்து ஃபீட்ஹார்ன் வரை டேப் பிடித்து நான்கும் சமமா என்று பாருங்கள்.

மூன்றாவது, குழாய். தூக்குக்குண்டு கட்டி நான்கு பக்கமும் பாருங்கள், ரசமட்டம் மட்டும் போதாது. சாய்ந்த டிஷ்ஷில் குழாய் ஒரு பாகை கோணலாக இருந்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். உச்சியைப் பார்க்கும் டிஷ்ஷில் உங்கள் ஏற்றக்கோண அளவே அந்தக் குழாயை நம்பித்தான் இருக்கிறது. மூன்று மீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலம், அதாவது அது வானத்தில் பார்க்கும் கோண அகலம், நான்கு கிகாஹெர்ட்ஸில் ஒன்றே முக்கால் பாகைதான், நடுவிலிருந்து ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகினாலே பாதி சக்தி போய்விடும்.

இந்த மூன்றையும் முடித்துவிட்டு எழுதுங்கள்.

பின்திடல்

ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். குழாய் சரியாக நிற்கிறது. ஆழம் 48 சென்டிமீட்டர், நீங்கள் உதாரணத்துக்குச் சொன்ன எண் அப்படியே வந்துவிட்டது. ஃபீட்ஹார்ன் மட்டும் 114 சென்டிமீட்டரில் இருந்தது, அதை மேலே தூக்கி 117க்குக் கொண்டுவந்தேன்.

நரம்புச் சோதனையில்தான் திடுக்கிட்டேன். இரண்டு நரம்புக்கும் நடுவில் 22 மில்லிமீட்டர் இடைவெளி, என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. கண்ணால் பார்த்தபோது விளிம்பு வட்டமாகவும் நேராகவும்தான் தெரிந்தது. காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டோம். மாணவர்கள் ஒவ்வோர் இதழையும் மாட்டிய உடனேயே அதன் போல்ட்டுகளை முழுவதும் முறுக்கிவிட்டார்கள், அதனால் ஆறாவது இதழ் மீதமிருந்த இடத்துக்குள் வலிந்து திணிக்கப்பட்டிருக்கிறது. எல்லா நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்தியபோது டிஷ் தானாகவே ஒரு சத்தத்துடன் விரிந்தது. பிறகு எதிரெதிர் இதழ்களாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஓரிடத்தில் மட்டும் இரண்டு வாஷர் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. இப்போது இடைவெளி 3 மில்லிமீட்டர்.

ஆனால் 105.5இல் தரம் இன்னும் சுழியம்தான். அளவு 62லிருந்து 64க்கு ஏறியதோடு சரி.

அலைவரிசை

அந்த 62 என்ற எண்ணின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். டிஷ் அவ்வளவு வளைந்திருந்தபோது 62, நேரான பிறகும் ஏறத்தாழ அதே எண் என்றால், அந்தச் சக்தி டிஷ்ஷின் வழியாகவே வரவில்லை என்றுதான் பொருள். உங்கள் எல்என்பி 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை வாங்கும் பழைய வகையாக இருக்க வேண்டும். 2020இல் ஒதுக்கப்பட்ட 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலைக்கற்றை 3450 முதல் 3650 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது, அதாவது உங்கள் எல்என்பியின் வாய்க்குள்ளேயே இருக்கிறது. துணைக்கோளம் 36,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பேசுகிறது, 5ஜி கோபுரம் எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து பேசுகிறது. எல்என்பி அந்தச் சத்தத்தில் திணறிப்போனால் மற்ற அலைவரிசைகளையும் ஒழுங்காகக் கொடுக்காது.

சோதிப்பது எளிது. அலைமாலை (எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்ற வரைபடம்) காட்டும் மீட்டர் இருந்தால் 1500க்கும் 1700 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் மேடு தெரிகிறதா என்று பாருங்கள். எல்என்பிக்குள் அலைவரிசையை இறக்கும் உள்ளூர் அலையியற்றி 5150இல் இருப்பதால், அதிலிருந்து கழித்து 3450 என்பது 1700 ஆகவும் 3650 என்பது 1500 ஆகவும் தலைகீழாக வந்து விழும். மேடு இருந்தால் 3.7 முதல் 4.2 வரை மட்டும் விடும் வடிகட்டியை ஃபீட்ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவில் மாட்டுங்கள். எல்என்பிக்குப் பின்னால் கேபிளில் மாட்டும் வடிகட்டியால் பயனில்லை, ஏனென்றால் திணறல் எல்என்பிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பின்திடல்

மேடு இருந்தது. பட்டறையில் இருந்த வடிகட்டியை மாட்டியவுடன் அளவு 64லிருந்து 38க்கு இறங்கியது. நான்கு நாள்களாக நான் துணைக்கோளம் என்று நம்பிக்கொண்டிருந்தது எதிர்க் கட்டடத்தைத்தான். தரம் இப்போது சில அலைவரிசைகளில் 10, 12 என்று தலைகாட்டிவிட்டு மறைகிறது. படம் இல்லை.

தெம்பனிஸ் அண்ணன்

நெருங்கிவிட்டீர்கள். ஏற்றக்கோணத்தை நூலிழை நூலிழையாக ஏற்றி இறக்கிப் பாருங்கள், திசைக்கோணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 87.5 பாகை உயரத்தில் திசை பத்துப் பாகை தவறினாலும் வானத்தில் அது அரைப் பாகைகூட இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.44 பாகைதான் வரும். நான் ஊரில் வீட்டுக்குப் பின்னால் எட்டடி டிஷ் நிறுத்தியவன், திசையில் நேரத்தைச் செலவழிப்பது இங்கே வீண்.

பழைய கேபிள்காரர்

தெம்பனிஸ் அண்ணன் சொல்லும் கணக்கு முழுவதும் சரி. முடிவைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அவர் குறிபார்ப்பதை மட்டும் எண்ணுகிறார், போலாரிட்டியை, அதாவது அலை அதிரும் திசையை, எண்ணவில்லை.

ஆசியாசாட் 7 அனுப்புவது வெர்ட்டிகல் (செங்குத்து), ஹாரிசாண்டல் (கிடை) என்று இரண்டு நேர்கோட்டு அலைகள். எல்என்பியின் உள்ளே இருக்கும் ஊசி அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். டிஷ்ஷைக் குழாயின் மேல் திருப்பினால் எல்என்பியும் சேர்ந்து திரும்பும். சாய்ந்த டிஷ்ஷில் திசை பத்துப் பாகை தவறினால் துணைக்கோளமே தப்பிவிடும், ஆகவே போலாரிட்டி தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை. மல்லாந்த டிஷ்ஷில் அப்படி இல்லை. திசை முப்பது பாகை தவறினாலும் துணைக்கோளம் கற்றையின் ஓரத்தை ஒட்டியே இருக்கும், ஆனால் ஊசி முழு முப்பது பாகையும் திரும்பிவிட்டிருக்கும். அப்போது வேண்டிய அலையில் கால்பங்கு போய்விடும் என்பது சிறிய இழப்பு. எதிர்ப் போலாரிட்டியில் அதே அலைவரிசையில் வரும் வேறு நிகழ்ச்சி கால்பங்கு உள்ளே நுழைந்துவிடும் என்பதுதான் பெரிய கேடு. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து டெசிபெல்லுக்கும் கீழே இறங்கிவிடும். ரிசீவர் பெட்டி இரண்டையும் கேட்டுக் குழம்பும். அளவு காட்டும், தரம் காட்டாது. தம்பி சொல்லும் அறிகுறி அதேதான்.

தம்பி, திசையை எப்படி வைத்தீர்கள்? காந்த ஊசியைக் குழாயின் பக்கத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். சிங்கப்பூரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் அரைப் பாகைகூட இல்லை, அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் எஃகுக் குழாயும் கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பியும் ஊசியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடும்.

இதைச் செய்யுங்கள். துணி தைப்பவர்கள் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்றை வாங்கிக் குழாயைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். 114 மில்லிமீட்டர் குழாயின் சுற்றளவு ஏறத்தாழ 358 மில்லிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு பாகை. இதைவிட வசதியான அளவுகோல் கடையில் கிடைக்காது. டிஷ்ஷின் கழுத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பிறகு 76.5 பாகையில் இருக்கும் ஆப்ஸ்டார் 7ஐத் தேடுங்கள். அதன் ஏற்றக்கோணம் 58 பாகை, திசைக்கோணம் 267.4, கிட்டத்தட்ட நேர் மேற்கு. அந்த உயரத்தில் திசை இரண்டு மூன்று பாகை தவறினாலே தரம் சரியும், ஆகவே உச்சத்தைக் கூர்மையாகக் கண்டுபிடிக்கலாம். எல்என்பியின் தலையை ஸ்கியூ (எல்என்பியைத் தன் அச்சில் திருப்ப வேண்டிய கோணம்) கணக்குப்படி முன்கூட்டியே திருப்பிவிடுங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் மேற்கைப் பார்க்கும்போது அது 87 பாகை வரும். வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளின் கையேட்டைப் பார்த்துச் சுழியத்தில் வைத்தால் வெர்ட்டிகலும் ஹாரிசாண்டலும் இடம் மாறி நிற்கும்.

ஆப்ஸ்டார் கிடைத்ததும் நாடாவில் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 267.4லிருந்து 128.8க்குப் போக 138 மில்லிமீட்டர், தெற்கு வழியாகக் கிழக்கு நோக்கித் திருப்பினால் 105.5இன் உண்மையான திசை. அதன் பிறகு ஏற்றக்கோணம், கடைசியாக ஸ்கியூ. அங்கே ஸ்கியூ கணக்கு 51 பாகை. உச்சத்தைத் தேடி எல்என்பியைத் திருப்பாதீர்கள், உச்சம் தட்டையாக இருக்கும். எதிர்ப் போலாரிட்டியைத் தேர்ந்தெடுத்து, அது எந்த இடத்தில் முற்றிலும் செத்துப்போகிறது என்று பாருங்கள். அந்தப் பள்ளம் கூர்மையானது, அதுவே உங்கள் இடம்.

தெம்பனிஸ் அண்ணன்

ஐயா சொல்வது சரி. ஊரில் என் டிஷ் சாய்ந்து நின்றதால் இந்தச் சிக்கலை நான் சந்தித்ததே இல்லை. என் ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பின்திடல்

கிடைத்துவிட்டது. நேற்று அதிகாலை சுமத்ராக் காற்று அடித்துவிட்டுப் போனதால் காலை வேலையைத் தொடங்க முடியவில்லை, பதினொரு மணிக்குத்தான் ஏணியை எடுத்தோம். ஆப்ஸ்டார் 7 கிடைக்க இருபது நிமிடம் ஆனது. கோட்டைக் குறித்து, 138 மில்லிமீட்டர் திருப்பிப் பார்த்தபோது, நான் முன்பு காந்த ஊசியை நம்பி வைத்திருந்த இடத்துக்கும் இதற்கும் 41 மில்லிமீட்டர் வித்தியாசம். நாற்பத்தொரு பாகை! அதன் பிறகு ஏற்றக்கோணக் கம்பியில் ஒன்றேகால் சுற்று இறக்கியதும் தரம் ஒரேயடியாக 55க்குப் போனது. எதிர்ப் போலாரிட்டியைச் சாகடித்து எல்என்பியை இறுக்கியதும் 78. இரைச்சலுக்கு மேல் சைகை 14 டெசிபெல். மீட்டரைப் பிடித்திருந்த மாணவி படத்தைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார். கேபிள்கார ஐயாவுக்கு எங்கள் அனைவரின் நன்றி.

கிராஞ்சி

மகிழ்ச்சி. தண்ணீருக்கு என்ன செய்திருக்கிறீர்கள்? உங்கள் டிஷ் ஏழு சதுர மீட்டர் வாய் உள்ள அண்டா. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஏழு லிட்டர். பிற்பகல் இடிமழை ஐம்பது மில்லிமீட்டர் கொட்டினால் 350 கிலோ, விளிம்பு வரை நிரம்பினால் 1,700 கிலோ. குழாய் தாங்கினாலும் இதழ்கள் தாங்கா. அது ஒரு புறம் இருக்க, தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு நிலையம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பின்திடல்

அடிமையத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்று பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. உங்கள் பதிவைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். ஓர் அங்சானா இலை அதன் மேல் நாணயம் போல் ஒட்டிக்கொண்டு, நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. இலையை எடுத்ததும் சுழித்துக்கொண்டு இறங்கியது. மையத்தைச் சுற்றி மேலும் மூன்று துளை போடலாமா? அலைக்குக் கேடு வருமா?

பழைய கேபிள்காரர்

தாராளமாகப் போடுங்கள். ஏழரை சென்டிமீட்டர் அலைக்கு ஒரு சென்டிமீட்டர் துளை கண்ணுக்கே தெரியாது, வலைத்தட்டு டிஷ் வேலை செய்வதும் அதனால்தான். அதோடு மையப் பகுதி ஃபீட்ஹார்னின் நிழலிலேயே இருக்கிறது. துளையின் விளிம்பை அரம் வைத்து மழுக்கிவிடுங்கள், இலையின் காம்பு சிக்காது. வாரம் ஒரு முறை, மழை பெய்த மறுநாளும், யாராவது ஏறிப் பார்க்கும்படி ஒரு முறை வையுங்கள்.

இன்னொன்று. டிஷ்ஷின் உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் வெள்ளைச் சாயத்தைப் பளபளப்பில்லாத வகையாகப் பார்த்துப் பூசிவிடுங்கள். மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டிப் பிற்பகல் ஒரு மணி வாக்கில் சூரியன் சரியாக 105.5இன் பின்னால் வரும். அப்போது சில நிமிடம் தரம் விழும், அது கோளாறு இல்லை. ஆனால் பளபளப்பான டிஷ் அந்த வெயில் முழுவதையும் ஃபீட்ஹார்ன் மூடியில் குவித்து உருக்கிவிடும். எங்கள் ஊரில் அப்படி ஓர் எல்என்பி போயிருக்கிறது.

அந்த நாளைச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். தரம் அடிமட்டத்தில் இருக்கும் நொடியில் எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நடுத்துளையின் மேல் விழுகிறதா என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். துளையை விட்டு நிழல் எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் ஃபீட்ஹார்னின் மீதிப் பிழை இருக்கிறது.

பின்திடல்

சாயம் நாளை வாங்குகிறேன். செப்டம்பர் 23க்குத் திடலை முன்பதிவு செய்துவிட்டேன். நிழலைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.